முதுகில் வளர்ந்த தாடை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். எழுத்துப் பிழை இருக்கும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லுவேன். சில பேருடைய பெயரும் மறந்து போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்டிருந்தால் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் சங்கத்து மலருக்கு எழுதித் தாங்க என்று கேட்டார்கள். கம்ப்யூட்டரில் படம் எடுத்து, எலும்பு மாதிரியே ஒன்றை மிஷினில் அச்சடிக்கிறார்களாம். "அக்கா, உங்க காலத்துல தாடை போனவங்களுக்கு என்ன செஞ்சாங்க?" என்றார்கள். முதுகில் வளர்த்தோம் என்றேன். சிரித்தார்கள். நான் பகடி விடவில்லை.

எண்பத்து மூணு கலவரம் அடங்கின பிறகு கண்டிப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேபராகச் சேர்ந்தேன். முதலில் கக்கூஸ் கழுவினேன். பிறகு நிலம், பிறகு பாத்திரம், பிறகு ஒப்பரேசன் தியேட்டர் சாமான். இருபது வருசத்தில் நான் கழுவுகிற பொருள் சின்னதாகிக்கொண்டே வந்தது. எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அதுதான்.

கடைசியில் என்னைப் போட்டது முகமும் தாடையும் ஒப்பரேசன் செய்கிற வாட்டில். முன்னால் அங்கே வெற்றிலை போட்டு வாயில் புற்று வந்தவர்களும், பஸ்ஸில் அடிபட்டவர்களும்தான் வருவார்கள். சண்டை கூடக் கூட வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஷெல் பட்டவர்கள், கண்ணிவெடியில் மாட்டினவர்கள். அடுத்தடுத்த கட்டிலில் ஒரு சிங்கள ஆமிக்காரரும் ஒரு தமிழ்ப் பையனும் படுத்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் வாய் கட்டியிருக்கும். அதனால் சண்டை வராது.

எங்கள் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. கட்டையான ஆள். அவங்க கை கழுவப் போனால் நாங்கள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். சத்தம் போட்டு ஏசினதை நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவங்களுக்கு மரியாதை கூடும். சும்மா நேரத்தில் என்னைப் 'பிள்ளை' என்பாங்க. பிழை விட்டால் 'நீர்'. 'நீங்கள் தயவுசெய்து' என்று தொடங்கினால் நர்ஸ்மாருக்கெல்லாம் தலைவியான பெரிய மிஸ்ஸியே சுவரோடு ஒட்டிக்கொள்ளுவா.

மயக்க மருந்து கொடுக்கிறவர் ஒரு சிங்கள டொக்டர். முந்தி தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர், அங்கே பிடித்த தமிழ். அதில் அவருக்கு 'நீ' மட்டும்தான் கிடைத்திருந்தது. பெரிய டொக்டரையும் "நீ சாப்பிட்டியா?" என்பார். அவங்க "ஓம் ஐயா" என்பாங்க. இரண்டு பேருக்கும் நல்ல ஒற்றுமை.

புஷ்பராணி வத்தேகமைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. கொழுந்தெடுக்கிறவள். கீழ்த்தாடையில் ஒரு கட்டி வந்தது. புற்று இல்லை, ஆனால் எலும்பைத் தின்கிற கட்டியாம். அதை எடுக்கும்போது தாடையின் முன்பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வைத்த இரும்புத் தகடு உடைந்து தோலுக்கு வெளியே வந்தது, அதையும் எடுத்தாயிற்று. தாடை இல்லாவிட்டால் நாக்கு நிற்க இடமில்லை. படுத்தால் தொண்டையை அடைக்கும் என்று உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். மூக்கு வைத்த கோப்பையால் வாயில் கஞ்சி ஊற்றுவோம். பேச்சு இல்லை. 'ஆ' என்றும் 'ஊ' என்றும் வரும், அதற்கு மேல் வராது. ஒரு மகள், நாலு வயசு இருக்கும். அது கைக்குழந்தையாக இருக்கும்போதே தாடை போய்விட்டதால், அம்மா பேசி அது கேட்டதே இல்லை. பார்க்க வருகிற நேரத்தில் புஷ்பாவின் அம்மா அதைக் கூட்டிவருவா. அது கட்டிலடிக்கு வராது. வாட்டுக் கதவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். புஷ்பா வாயை மறைத்த துண்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்ளுவாள்.

பெரிய டொக்டர் வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்த வேலை ஒன்று இருந்தது. இல்லாத எலும்பை அந்த ஆளின் உடம்பிலேயே வளர்த்து எடுக்கிறது. முதலில் ஒரு ஆமிப் பையனுக்குச் செய்தாங்க. முதுகைத் திறந்தபோது உள்ளே எலும்பு இல்லை, ஈர மணல் மாதிரிக் கொட்டியது. அந்தக் கிண்ணத்தை நான்தான் கழுவினேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் டொக்டர் எல்லாரையும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டாங்க. எலும்பை வளர வைக்கிற மருந்து மிச்சம் இருந்தது ஒரு ஆளுக்குப் போதுமான அளவுதான். யாரோ கூடப் படித்தவர் வெளிநாட்டிலிருந்து பாவம் பார்த்து அனுப்பினது. இன்னொரு தரம் அனுப்ப ஏலாது என்று சொல்லிவிட்டாராம். அதைப் புஷ்பாவுக்குக் கொடுக்கிறது என்று முடிவு செய்தாங்க.

செய்த விதம் இதுதான். புஷ்பாவின் தலையைப் படம் எடுத்து, இல்லாத தாடையைப் போல மெழுகில் ஒன்று செய்தார்கள். அதன் மேல் ஒரு மெல்லிய மெட்டல் வலையை வைத்து டொக்டர் தன் கையாலேயே வளைத்தாங்க. கோழிக்கூட்டு வலை மாதிரி இருக்கும், ஆனால் அதன் விலைக்கு ஒரு பண்ணையே வைக்கலாம் என்று மயக்க மருந்து டொக்டர் சொல்லுவார். அந்த வலைக் கூட்டுக்குள் வெள்ளை மணிகளை நிரப்ப வேண்டும். சுட்டுச் சுத்தம் பண்ணின மாட்டு எலும்பு. இதைச் சொல்லாமல் செய்யக்கூடாது என்று டொக்டர் புஷ்பாவையும் அவளுடைய அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாங்க.

"மாட்டு எலும்பா?" என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டா.

"அது சும்மா பந்தல் மாதிரித்தான் அம்மா. இவவின்ர எலும்பு அதில பிடிச்சு ஏறும். ஏற ஏறப் பந்தல் கரைஞ்சு போகும்."

"முழுசாக் கரைஞ்சிருமா?"

"கனக்கக் கரையும். கொஞ்சம் மிஞ்சும்."

அந்த அம்மா யோசித்தா. "கொஞ்சம்னா பரவால்லீங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

புஷ்பாவைக் கேட்டபோது அவள் கதவடியில் நின்ற மகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

ஒப்பரேசன் அன்றைக்கு இடுப்பெலும்புக்குள் தடித்த ஊசியைப் போட்டு, உள்ளே இருக்கிற சிவப்புக் குழம்பை உறிஞ்சி எடுத்தார்கள். எலும்பாக மாறக்கூடிய உயிர் அதற்குள்தான் இருக்கிறதாம். அதை வெள்ளை மணியில் ஊற்றி, எலும்பை வளரச் சொல்லுகிற அந்த வெளிநாட்டு மருந்தையும் கரைத்துச் சேர்த்து, ஒரு சின்னக் கரண்டியால் டொக்டர் வலைக்குள் அடைத்தாங்க. அவசரமே இல்லை. ஒரு மணி நிலத்தில் விழுந்தது. "பிள்ளை, அதை மிதிச்சுப் போடாதை," என்றாங்க. பிறகு தோள்பட்டைக்குக் கீழே சதைக்குள் ஒரு பை மாதிரித் திறந்து, கூட்டை உள்ளே வைத்துத் தைத்தார்கள். முதுகுச் சதையில் நல்ல இரத்த ஓட்டம். அங்கே வளர்ந்து இறுகின பிறகு சதையோடும் இரத்தக் குழாயோடும் எடுத்து வாயில் வைக்கிறது.

அதற்குப் பிறகு என் வேலை தலையணை. அந்தப் பக்கம் சாயவிடக் கூடாது, வியர்வை தேங்கவிடக் கூடாது. காலையில் நான் அந்த மேட்டைச் சுற்றித் துடைத்த பிறகு டொக்டர் வருவாங்க. விரலை மடக்கி, பலாப்பழம் பார்க்கிற மாதிரி மெதுவாகத் தட்டிப் பார்ப்பாங்க. முதலில் சத்தம் இல்லை. சில வாரம் போன பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, நீயும் தட்டிப் பார். கேக்குதோ?" என்றாங்க. கேட்டது. அன்றிலிருந்து துடைத்து முடித்தவுடனே நானும் ஒரு தட்டுத் தட்டுவேன். அப்படித் தட்டுகிறது வைத்தியத்தில் உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வாட்டில் உண்டு.

அந்த நேரம் வடக்கில் சண்டை மோசமாகி, கட்டில் கேட்டு ஆட்கள் வந்தபடி. நிலத்திலும் படுக்க வைத்தோம். நடக்கக்கூடியவர்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. புஷ்பா நடப்பாள். இன்னும் கொஞ்ச நாள் வளர்ந்தால் எடுக்கலாம், அதுவரைக்கும் வீட்டில் இருக்கட்டும் என்று டொக்டர் மனசில்லாமல் துண்டுச் சீட்டு எழுதினாங்க. அம்புலன்ஸ் இல்லை. நான் அந்த வழியில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் குடியிருந்ததால் கூடப்போய் விட்டுவரச் சொன்னாங்க.

பஸ்ஸில் போனோம். வழியில் ஒரு செக்பொயிண்ட். எல்லாரையும் இறக்கினார்கள். ஆம்பிளைகள் ஒரு வரிசை, பொம்பிளைகள் ஒரு வரிசை. பொம்பிளைகளைத் துணி மறைப்புக்குள் விட்டு, ஒரு பொலிஸ்காரப் பிள்ளை தடவிப் பார்த்து அனுப்பும். சின்னப் பிள்ளைதான். என்னைப் பார்த்து முடித்துப் புஷ்பாவுக்கு வந்தது. கை முதுகுக்குப் போனது. அங்கேயே நின்றது.

அந்தப் பிள்ளை திரும்பாமலே பின்னால் நடந்து துணிக்கு வெளியே போனது. விசில் சத்தம் கேட்டது.

அந்தக் காலத்தில் உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வந்து வெடிக்கிறது நடந்துகொண்டிருந்தது. அவர்கள் பயந்ததில் பிழை சொல்ல மாட்டேன். தமிழ்ப் பொம்பிளை, முகத்தைத் துண்டால் மூடியிருக்கிறாள், சட்டைக்குள் கட்டியாக வளைந்த ஒரு சாமான், பெயரைக் கேட்டால் 'ஆ' என்கிறாள். நான் ஆமியில் இருந்திருந்தால் நானும் விசில் அடித்திருப்பேன்.

புஷ்பாவை ரோட்டு நடுவில் முழங்காலில் நிற்க வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே வைக்கச் சொன்னார்கள். மற்ற எல்லாரையும் தூரத்துக்குத் துரத்தினார்கள். நான் போகவில்லை. பயத்தில் கால் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு ஆமி சார்ஜன் துவக்கை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்து, அது என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், "மாத்தயா, அது தாடை."

"தாடை வாயில்தானே இருக்கும்?"

"இவளுக்கு வாயில இல்லைங்க. அதனாலதான் முதுகுல வளர்க்கிறோம்."

அவர் என்னையும் முழங்காலில் நிற்கச் சொன்னார்.

டொக்டர் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டினேன். இங்கிலீசில் இருந்தது. அதில் அவருக்கு விளங்கினது மெட்டல் என்கிற ஒரு சொல்தான். "பார், இரும்பு இருக்கிறதென்று இவர்களே எழுதியிருக்கிறார்கள்," என்று மற்றவர்களுக்குக் காட்டினார். கையெழுத்து வைத்த டொக்டரின் பெயரை வாசித்தார். அது தமிழ்ப் பெயர். அதற்குப் பிறகு சீட்டை விரல் நுனியால் பிடித்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனுசன்தான், வாட்டு நம்பருக்கு டெலிபோன் எடுக்கச் சொல்லி ஒருவரை அனுப்பினார்.

வாட்டில் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். பெரிய டொக்டர் போனைக் கையில் வாங்கி, அரைவாசி கேட்டுவிட்டு, மயக்க மருந்து டொக்டரிடம் நீட்டியிருக்கிறாங்க. "நான் கதைச்சா இன்னும் ரெண்டு பேரைப் பிடிப்பினம். நீங்கள் கதையுங்கோ ஐயா." அவர் கதைத்திருக்கிறார். போனில் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஏசிவிட்டு எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு மோட்டர் சைக்கிளில் கிளம்பியிருக்கிறார்.

இங்கே வெயில். குண்டு எடுக்கிற ஆட்கள் கண்டியிலிருந்து வர வேண்டும், வருகிற பாடில்லை. புஷ்பாவின் கை கீழே சாயத் தொடங்கியது. இறக்கினால் சத்தம் போட்டார்கள். தையல் போட்ட பக்கம் இழுபடுகிறது எனக்குத் தெரிந்தது, அவள் கண்ணிலும் தெரிந்தது. அப்போது ஒருத்தர், தூரத்தில் நின்று கொக்கியும் கயிறும் போட்டு அந்தச் சாமானை இழுத்துப் பார்ப்போமா என்று சார்ஜனிடம் கேட்டார். சார்ஜன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிறு இருக்கிறதா என்று கேட்டார்.

அதை இழுத்தால் போச்சு. வேறே மருந்து இல்லை, வேறே தாடை இல்லை. எனக்கு இருந்த சிங்களமும் முடிந்து போச்சு. நான் எழும்பிப் புஷ்பாவிடம் போனேன். நில் என்று கத்தினார்கள். அவளுக்குப் பின்னால் குனிந்து, காலையில் செய்கிற மாதிரியே விரலை மடக்கி, டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டினேன்.

எலும்புதான், சத்தத்தைக் கேளுங்கள் என்று காட்டத்தான் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் கேட்பதற்கு ரோட்டில் ஒருத்தரும் நிற்கவில்லை. ஆமிக்காரர் எல்லாரும் குப்புறப் படுத்திருந்தார்கள். பஸ் கண்டக்டர் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள். அன்னாசி விற்கிற பொம்பிளை அன்னாசிக் குவியலுக்குப் பின்னால். புஷ்பா மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முழங்காலில் நின்றாள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் போய் சார்ஜன் தலையை மட்டும் தூக்கி, "அம்மே, ஆயெத் கஹன்ன எபா," என்றார். திரும்பத் தட்டாதே அம்மா என்று அர்த்தம். கும்பிடாத குறைதான்.

அவர்கள் புழுதியைத் தட்டிக்கொண்டு எழும்பி, யார் முதலில் படுத்தது என்று ஒருத்தரை ஒருத்தர் நக்கல் பண்ணிக்கொண்டிருக்கும்போது மயக்க மருந்து டொக்டர் வந்து சேர்ந்தார். எக்ஸ்ரே படத்தை எடுத்து வெயிலுக்குப் பிடித்தார். விலா எலும்புகளுக்கு மேலே வளைந்த தாடை நன்றாகத் தெரிந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்தப் பொலிஸ்காரப் பிள்ளைதான் மெதுவாகக் கேட்டது, "அதில் பல்லும் முளைக்குமா சேர்?"

"பல் முளைக்கிறதுக்கு முன்னால் எடுத்துவிடுவோம்," என்றார் டொக்டர். அந்தப் பிள்ளை அதை நம்பித் தலையை ஆட்டியது.

வீட்டுக்குப் போகவில்லை. சார்ஜனே ஒரு வான் வண்டியை மறித்து எங்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் மேடு சிவந்து வீங்கியிருந்தது. பெரிய டொக்டர் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க.

"நீங்கள் தட்டினீங்களாம்."

எனக்குச் சீவன் போச்சு. "ஆமாங்க."

"தட்டினதால ஒண்டுமில்லை. அவ்வளவு நேரம் கையைத் தூக்கி வைச்சிருந்ததில சதை இழுபட்டு உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு." மேட்டை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனிப் பொறுக்கேலாது. கிருமி பிடிக்க முதல் திறக்க வேணும். இன்னும் இறுகேல்லையெண்டால் முந்தின மாதிரி மணலாக் கொட்டிடும்," என்றாங்க. புஷ்பாவுக்கும் அதையே சொன்னாங்க, ஒன்றும் மறைக்கவில்லை. புஷ்பா எங்கள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒப்பரேசன் சட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

தியேட்டரில் நான் கிண்ணத்தோடு நின்றேன். அதே கிண்ணம். டொக்டர் முதுகைத் திறந்து, சதையை விலக்கி, வலையை வெளியே எடுக்காமல் ஒரு கம்பியால் குத்திப் பார்த்தாங்க. ஒன்றும் கொட்டவில்லை. சின்ன ஊசித் துரப்பணத்தால் ஒரு ஓரத்தில் லேசாகத் துளைத்தாங்க. துளையின் வாயில் ஒரு சொட்டு நின்றது, பிறகு இன்னொன்று.

"ரத்தம் வருது," என்றாங்க டொக்டர்.

செத்த எலும்பில் இரத்தம் வராது. மயக்க மருந்து டொக்டர் எழும்பி நின்று எட்டிப் பார்த்தார். என் வேலைக் காலத்தில் இரத்தம் வந்ததற்காகத் தியேட்டரில் எல்லாரும் சந்தோசப்பட்டது அந்த ஒரு தரம்தான். பிறகு அதைச் சதையோடும் குழாயோடும் எடுத்து வாயில் பொருத்தி, கழுத்துக் குழாயோடு மைக்கிரஸ்கோப்பில் பார்த்துத் தைத்தார்கள். முடியும் வரைக்கும் டொக்டர் உட்காரவேயில்லை. முடிந்த பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, ஒரு தேத்தண்ணி," என்றாங்க. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

புண் ஆறி, வீக்கம் வற்ற நாள் எடுத்தது. புஷ்பா படுத்துத் தூங்கத் தொடங்கினாள். பேசு பேசு என்று மிஸ்ஸிமார் சொன்னாலும் பேசாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அமைதியான பிள்ளை, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தோம். என்னைப் போல என்று நானும் நினைத்தேன்.

ஒரு நாள் பார்க்க வருகிற நேரம். அவளுடைய அம்மா கட்டிலில், மகள் வழக்கம் போலக் கதவடியில். நான் தலையணையை மாற்றிக்கொண்டிருந்தேன். புஷ்பா என் கையைப் பிடித்தாள். சொல் குழறித்தான் வந்தது, ஆனால் எல்லாம் விளங்கியது.

"ஏன்க்கா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? குண்டுன்னு அவனவன் துவக்க நீட்டிக்கிட்டு நிக்கிறான், நீ பாட்டுக்கு வந்து கதவு தட்டுற மாதிரித் தட்டுற? சுட்டிருந்தா யாரு உசுரு போயிருக்கும்?" அதோடு விடவில்லை. கொக்கி போட்டு இழுக்கக் கேட்டவனை, சார்ஜனை, கட்டில் இல்லை என்று அனுப்பின மேலிடத்தை, உடைந்து போன பழைய தகட்டை, எல்லாரையும் வரிசையாக ஏசினாள். மலையிலேறிக் கொழுந்து பறிக்கிற ஆட்கள் ஏசுகிற ஏச்சு. இங்கே எழுத முடியாது.

மகள் கதவை விட்டுவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல மெல்லக் கட்டிலடிக்கு வந்து, பாட்டியின் கையை இழுத்துச் சொன்னது, "அம்மா கெட்ட வார்த்தை பேசுறாங்க."

"பேசட்டும்," என்றா அந்த அம்மா.

நான் தலையணையை மாற்றிவிட்டுப் போய்க் கிண்ணம் கழுவினேன்.

இவ்வளவுதான் எனக்கு நினைவு. முதுகில் இடப்பக்கமா வலப்பக்கமா வைத்தது, அந்த வெளிநாட்டு மருந்தின் பெயர் என்ன, சண்டை முடியுறதுக்கு எத்தனை வருசம் முந்தி என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அச்சில் போடுகிறதுக்கு முன்னால் யாராவது விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். மருந்து விசயத்தை டொக்டர்மாரிடம் கேளுங்கள். மற்றதைப் புஷ்பராணியிடம் கேட்கலாம், வத்தேகமையில்தான் இருக்கிறாள். போகிறவர்கள் காலையிலேயே போங்கள். தொடங்கினால் விடமாட்டாள், கடைசி பஸ் போய்விடும்.